செம்பூர் ஃப்ளாட் ஏலம் ரத்தானது

இந்த முறை மும்பை போய் வந்ததைப் பற்றிக் கேட்பவர்களிடம் கல்யாணத்தைப் பற்றியோ மாதுங்கா சாப்பாட்டைப் பற்றியோ பேச எனக்கு மனம் வரவில்லை. ஒரு வங்கி அதிகாரி இந்தியில் சொன்ன ஒரு வாக்கியம்தான் இன்னும் காதில் நிற்கிறது: "எங்க பாக்கி வந்தாச்சு. அப்புறம் உங்களுக்கு என்ன பிரச்சினை?"

பிரச்சினை 70 லட்சம் ரூபாய். என் சித்தப்பாவின் முதுமைக்கு இருந்த ஒரே பணம்.

அவருடைய ஃப்ளாட் செம்பூர் சேடா நகரில், முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. தாராவியில் நடத்திய தோல் பை பட்டறைக்காக அதை அடமானம் வைத்தார். கொரோனாவுக்குப் பிறகு பட்டறை எழவே இல்லை. வட்டியோடு கடன் 1.55 கோடி ஆனது. அடமானச் சொத்தை வங்கியே நேரடியாகக் கைப்பற்றி விற்க வழி செய்யும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அப்புறம் வீட்டைக் கைப்பற்றுதல், ஏல அறிவிப்பு என்று வரிசையாக வந்தன. கடன் வாங்கியதையோ கட்ட முடியாததையோ சித்தப்பா ஒருபோதும் மறுக்கவில்லை.

ஆனால் அதே ஹவுசிங் சொசைட்டியில் அதே அளவு வீடு 2.3 கோடிக்குக் கைமாறுகிறது. வங்கி வைத்த ரிசர்வ் விலை, அதாவது ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை, 1.60 கோடி, ஏலம் முடிந்தது 1.61 கோடியில். ஆன்லைன் ஏலத்துக்கு மூன்று பேர் முன்பணம் கட்டியிருந்தார்கள். ஒருவர் ஒரே ஒரு படி ஏற்றிக் கேட்டார். மற்ற இருவரும் கேட்கவே இல்லை.

பாக்கி வந்துவிட்டது என்று அந்த அதிகாரி சொன்னது அவருடைய கணக்கில் சரி. ஆனால் சட்டத்தின் 13(7) பிரிவு என்ன சொல்கிறது? கடனும் செலவும் போக மிஞ்சுவது உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும். வீடு அடிமாட்டு விலைக்குப் போனால் வங்கிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நஷ்டம் முழுக்க வீட்டை இழந்தவருக்குத்தான். இதை அந்த அதிகாரியிடம் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னேன். "ஆன்லைன்ல நடந்தது, நாங்க என்ன செய்ய முடியும்" என்றார். எழுத்தில் கேட்டதற்குப் பதிலே இல்லை. நியூ ஜெர்சியில் கேள்வியை எழுதிக் கொடுத்தால் பதில் எழுத்தில் வரும் என்று பழகிப்போன எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை.

அங்கேயும் வீடுகள் ஏலத்துக்குப் போகின்றன. ஷெரிஃப் என்ற கவுண்டி அதிகாரி நடத்தும் ஏலம். முறைகேடு இருந்தால் 10 நாளுக்குள் நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கலாம். நம் ஊரில் 17ஆம் பிரிவின்படி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் இருக்கிறது. சட்டத்தில் நமக்குக் குறையொன்றும் இல்லை. சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு அதை எடுத்துச் சொல்லத்தான் யாருமில்லை. நல்லவேளை, அவர் கெடுவுக்குள் மனு போட்டிருந்தார்.

வக்கீல் முதலிலேயே எச்சரித்தார். விலை குறைவு என்பதை மட்டும் வைத்து ஏலம் ரத்தாகாது. மோசடியோ கூட்டுச்சதியோ விதிமீறலோ காட்ட வேண்டும். சிண்டிகேட், அதாவது ஏலம் கேட்பவர்கள் கூடிப் பேசி விலையை அமுக்குவது, என்று நமக்குத் தெரிந்தால் போதாது, காகிதம் வேண்டும்.

முதல் காகிதம் லிஃப்டில் கிடைத்தது. மூன்றாம் மாடி திருநெல்வேலி மாமா பேச்சுவாக்கில் சொன்னார்: முலுண்டில் இருக்கும் அவர் மாப்பிள்ளை இதே வீட்டை ஏலத்தில் எடுக்க நினைத்து, வங்கி அறிவித்த நாளில் பார்க்க வந்திருக்கிறார். சாவியோடு வந்த ஏஜெண்ட் கதவைத் திறக்கவே இல்லை. "சொசைட்டி பாக்கி மட்டும் 40 லட்சம் இருக்கு, மேல கேஸ் வேற, இதுல மாட்டிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டான். அவரும் பயந்து விலகிவிட்டார். சொசைட்டி செயலாளரிடம் கேட்டால், பாக்கி சில ஆயிரம்தான்! 2 கோடிக்கு மேல் கொடுக்கத் தயாராக வந்த ஒரு மனிதரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

பிரமாணப் பத்திரம் தர மாப்பிள்ளை தயங்கினார். வேலையில் இருக்கிறவர், கோர்ட்டு வாசல் மிதிக்காதவர். மாமாதான் பேசினார்: "மாப்ள, கூடக் குறைய ஒண்ணும் வேண்டாம். நீங்க கண்டதை மட்டும் எழுதிக் கொடுங்க." கொடுத்தார். பம்பாய்த் தமிழர்களிடம் நான் சின்ன வயதில் பார்த்த அந்தப் பழைய ஒட்டுதல் இன்னும் இருக்கிறது. நியூ ஜெர்சி எடிசனில் என் பக்கத்து வீட்டுக்காரரின் முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இரண்டாவது காகிதத்தைக் கண்டுபிடித்தவர் வக்கீலின் குமாஸ்தா, சயான் கோலிவாடா தமிழர். வங்கி தாக்கல் செய்த பதில் மனுவின் இணைப்புகளை நாங்கள் எல்லோரும் புரட்டிவிட்டோம். அவர் மட்டும் முன்பணம் வந்த விவரத்தில் விரல் வைத்து, "சார், இதப் பாருங்க, மூணு பேர்ல ரெண்டு பேருக்கு ஒரே அக்கவுண்ட்லேர்ந்து பணம் வந்திருக்கு!" என்றார். வாய் திறக்காத ஒருவருக்கும் முன்பணம் கட்டியது வீட்டை எடுத்தவரின் கணக்குதான். அந்த மனிதருக்கு என்ன சம்பளம் இருக்கும்? அவர் கண்ணில் படாவிட்டால் 70 லட்சம் போயிருக்கும்.

விசாரணைக்கு ஹார்பர் லைன் ரயில் பிடித்து சத்ரபதி சிவாஜி டெர்மினஸில் இறங்கி (எனக்கு அது என்றும் வி.டி.தான்) பஸ்ஸில் தீர்ப்பாயம் இருக்கும் கொலாபா போனோம். ஏலம் எடுத்தவரின் வக்கீல், தன் கட்சிக்காரர் நல்லெண்ணத்தோடு வாங்கியவர், ஏலத் தொகையில் 25 சதவீதமும் மீதிப் பணமும் கெடுவுக்குள் கட்டியவர் என்று நீளமாகப் பேசினார். தீர்ப்பாயத்தின் தலைமை அதிகாரி ஒன்றே ஒன்று கேட்டார்: போட்டியாளருக்கு உங்கள் கட்சிக்காரர் ஏன் பணம் கட்டினார்? பதில் வரவில்லை. சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏலம் ரத்து. வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும். புதிதாக மதிப்பீடு, புதிதாக அறிவிப்பு. எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போக 30 நாள் இருக்கிறது.

கடன் அப்படியே இருக்கிறது, வட்டியும் ஓடுகிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் கடனைக் கட்டி வீட்டை மீட்க உரிமை. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. அதனால் மாமாவின் மாப்பிள்ளைக்கே 2.25 கோடிக்கு நேரடியாக விற்று, வங்கிக்குக் கொடுத்தது போக மீதியைச் சித்தப்பா கையில் சேர்ப்பது என்று முடிவு. அதற்கு வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். விண்ணப்பம் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. அங்கே கிளை திறக்கும் நேரத்துக்கு இங்கே நள்ளிரவு. தினமும் விழித்திருந்து கூப்பிடுகிறேன். பேப்பரில் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அந்தக் கடிதம் வந்தாக வேண்டும்.