கடலைப் பார்த்த அறையா, ஊருக்குள் அறையா?

கடலோர நகரத்துக்கு இரண்டு மூன்று நாள் போகிறவர்கள் பெரும்பாலும் அறை விஷயத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒரே இரவு என்றால் யோசிக்க வேண்டாம், கரையோர அறைதான். கடல் அழகாக இருப்பது விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும். அந்த இரண்டு வேளையும் கையில் இருக்கும். இரண்டு இரவுக்கு மேல் என்றால் கரையிலிருந்து பத்து நிமிட நடைக்குள், ஊர்ப்பக்கம் எடுப்பது மேல். பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டு, பார்க்காத கடலுக்கு எதற்கு வாடகை?

'கடல் பார்த்த அறை' என்பதில் ஏமாற்று உண்டு. பால்கனியில் கழுத்தை நீட்டினால் மூலையில் நீலக்கீற்று தெரியும், அவ்வளவுதான். ஜன்னல் எந்தத் திசை என்று கேட்டுவிடுங்கள். கிழக்குக் கரையில் கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் காலை வெயில் மட்டும், மதியம் நிழல். மேற்குக் கரையில் மூன்று மணிக்கு நுழையும் வெயில் அஸ்தமனம்வரை விடாது. திறக்க முடியாத கண்ணாடி என்றால் அறை அடுப்புதான்.

காற்று விஷயத்தில் ஊருக்குள் இருப்பவருக்கு நஷ்டம். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறுவதால் முற்பகலில் கடற்காற்று தொடங்கி, பிற்பகலில் உச்சத்துக்கு வந்து, இருட்டியதும் ஓய்ந்துவிடும். முதல் வரிசைக் கட்டடங்கள் அதை மறித்துக்கொள்ளும். கரைக்குச் செங்குத்தாக ஓடும் தெருவில் அறை எடுத்தால் ஓரளவு தப்பலாம். கரைக்கு இணையான இரண்டாம் தெரு புழுங்கும்.

ஆனால் அதே காற்றுதான் உப்பையும் கொண்டுவருகிறது. கரையோர அறையில் பூட்டு இறுகும், ஜன்னல் கீல் துருவேறும், ஏசியின் வெளி யூனிட் அரித்துப்போகும். பெட்டியைப் பிரிக்குமுன் ஏசியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். கடலில் நனைந்த துணியை அப்படியே உலர்த்தினால் காயவே காயாது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். கேமரா லென்ஸில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோனால் அரைமணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் பனி படியும்.

குளிக்க இறங்குபவர்களுக்குக் கரையோர மாடி அறை தரும் உதவி பலருக்குத் தெரியாது. வெள்ளை நுரை வரிசையாக உடையும் இடத்தில், நடுவே மட்டும் அலை உடையாமல் கருத்த பட்டை தெரிகிறதா? அது பெரும்பாலும் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். மணலில் நின்றால் அதுவே 'அமைதியான இடம்' போலத் தெரிந்து ஆளைக் கூப்பிடும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது; களைப்புதான் மிஞ்சும். கரைக்கு இணையாக நீந்தி விலகி, பிறகு திரும்ப வேண்டும்.

ஊருக்குள் தங்குபவர் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலை, பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். இன்று ஆறு மணிக்கு வற்றம் என்றால் நாளை ஏறக்குறைய 6.50. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடும். மாலையில் நடந்த மணல், காலையில் தண்ணீருக்குள் இருக்கலாம். மத்தியதரைக் கடலோரம் என்றால் பெரும்பாலும் இந்தக் கணக்கே வேண்டாம். கனடாவின் ஃபண்டி வளைகுடாவிலோ நீர்மட்டம் 16 மீட்டர்வரை ஏறி இறங்கும். அங்கே அட்டவணை இல்லாமல் மணலில் இறங்கவே கூடாது.