வால்வு றேடியோ: பழைய சுற்றா, புதிய பலகையா?

கிளிநொச்சியில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய, ரான்சிஸ்ரருக்குப் பதிலாகக் கண்ணாடி வால்வுகளால் இயங்கும் பழைய வால்வு றேடியோவின் பின்மூடியைக் கழற்றியபோது, இறப்பர் உறையிட்ட வயர்கள் விரல் பட்டதும் பொருக்காக உதிர்ந்தன. உள்ளே புதிய ரான்சிஸ்ரர் பலகையைப் பொருத்தினால் வேலை விரைவில் முடியும். மின்சாரமில்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட வன்னிக்கு அத்தகைய சிக்கனம் அந்நியமுமல்ல. எனினும் அலைவரிசை டயல் வெறும் அலங்காரமாகிவிடும் என்பதால், வயர்களையும், மின்னேற்றத்தைத் தேக்கும் மெழுகுக் கடதாசிக் கொள்ளளவிகளையும் (கப்பாசிற்றர்) மாற்றிப் பழைய சுற்றையே உயிர்ப்பிப்பதை நான் விரும்புவேன். ஒலிபெருக்கியை இயக்கும் வெளியீட்டு வால்வில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் என்ற முனைக்குச் செல்லும் கொள்ளளவி கசிந்தால், அந்த வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்து வெளியீட்டு நிலைமாற்றியையும் (ரான்ஸ்போமர்) எரித்துவிடக்கூடுமாதலால், அந்தக் கொள்ளளவியை மாற்றாமல் 230 வோல்ற்று மின்னில் செருகவே கூடாது. செருகியைக் கழற்றிய பின்னரும் மின்வழங்கலைச் சீராக்கும் வடிகட்டிக் கொள்ளளவிகளில் நூற்றுக்கணக்கான வோல்ற்று தேங்கி நிற்கக்கூடும்.