யுஎஸ்பி போர்ட் பழுதுக்கு மதர்போர்டு மாற்றச் சொன்னால் கவனம்!

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் மகளின் லேப்டாப்பில் வலது பக்கமுள்ள இரண்டு யுஎஸ்பி போர்ட்டும் போன மாதம் திடீரென்று நின்றுபோயின. மவுஸைச் செருகினால் அதன் விளக்குகூட எரியவில்லை. இடது பக்கப் போர்ட் நன்றாக இருந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் காட்டினேன். பிரித்துக்கூடப் பார்க்காமல், "மதர்போர்டு போச்சுண்ணே, 6,500 ஆகும்" என்றார். மகளுக்கு புராஜெக்ட் கொடுக்க வேண்டிய வாரம். சரி என்றேன். பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி சேர்த்தால் இன்னும் ஏறும் என்றார். அதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் கைக்கு வந்தது, வேலையும் செய்தது. பன்னிரண்டு நாளில் அதே இரண்டு போர்ட்டும் மறுபடி போய்விட்டன. கேட்டால், "தண்ணி பட்டிருக்கும், வாரண்டி கிடையாது" என்றார்.

அப்புறம் பெரம்பூரில் தெரிந்த தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். என் கண் முன்னாலேயே பிரித்தார். முதல் கடையில் போர்டு மாற்றியதாக நான் சொன்னதும், பிராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்கைக் கழற்றிக் காட்டினார். அடியில் சூட்டைக் கடத்துவதற்காகப் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. போர்டு மாற்றினால் புதுப் பேஸ்ட் வைத்தே ஆகவேண்டும். யாரும் எதையும் மாற்றவில்லை!

அந்த மாடலில் வலது பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே இல்லை. தனியாக ஒரு சின்ன போர்டில் இருக்கின்றன. அதிலிருந்து மதர்போர்டுக்கு ஒரு ரிப்பன் கேபிள் போகிறது. அதன் முனை நைந்திருந்தது. முதல் கடையில் அதைக் கழற்றி அழுத்தி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கேபிள் 350, கூலி 300.

ஒரு பக்கப் போர்ட்டுகள் மட்டும் போயிருந்தால் முதலில் இந்தச் சின்ன போர்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், வீட்டிலேயே லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சரியாகவில்லையா, விண்டோஸில் உள்ள டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி கன்ட்ரோலர்களை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள். விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். போர்ட்டுக்குள் ஊசி, குண்டூசி எதையும் விடாதீர்கள். உள்ளே 5 வோல்ட் இருக்கிறது, ஷார்ட் ஆனால் நிஜமாகவே போர்டு போய்விடும்.

மாற்றினோம் என்றால் கழற்றிய பழைய போர்டைக் கையில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை. இப்போது 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட் ஒன்றுதான் கையில் இருக்கிறது.