தங்கம் பிடிக்கும் சுழல் கிண்ணம்: மெஷின் நல்லதுதான், தண்ணீரைக் கவனித்தால்

மையவிலக்கு கான்சன்ட்ரேட்டர், அதாவது அரைத்த தாதுவைச் சுழற்றித் தங்கத்தைப் பிரிக்கும் மெஷின், வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே. நான் இரண்டு வருஷமாக ஓட்டுவது பேட்ச் ரகம்: ஒரு சுற்று ஓட்டி, நிறுத்தி, கிண்ணத்தில் சிக்கியதைக் கழுவி எடுத்து, மறுபடி ஓட்டுவது. ஆய்வுக்கூடத்தில் 3 அங்குலக் கிண்ணம், ஆலையில் அதன் பெரிய அண்ணன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கீழே நான் புலம்பியிருப்பதில் பாதிக்கு மேல் எங்கள் தப்பு.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வரி. தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3, குவார்ட்ஸ் 2.65, தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்போது கணக்குப் போட்டால் இந்த வித்தியாசம் 11 மடங்காகிறது. கொஞ்சம் பெரிய துகள் என்றால் தண்ணீர் ஓடும் சாய்வான தொட்டியான சாதாரண ஸ்லூஸிலேயே தங்கிவிடும், இதற்கெல்லாம் மெஷினே வேண்டாம். ஆனால் துகள் பொடியாகி, அதிலும் தாதுவை அரைக்கும் மில்லில் அடிபட்டுத் தகடாகிவிட்டால், எவ்வளவு அடர்த்தி இருந்தும் தண்ணீர் இழுத்த பக்கம் போய்விடும். கனடாக்காரர் பைரன் நெல்சன் கொண்டுவந்த கிண்ணம் வேகமாகச் சுழன்று, புவியீர்ப்பைப் போல 60 மடங்கு விசையில் அந்தத் துகளைச் சுவரோடு அழுத்துகிறது. ஃபால்கன் என்ற இன்னொரு பேட்ச் ரகத்தில் 200 மடங்கு வரைகூடப் போகலாம். கிண்ணத்தின் உள்சுவரில் வளையம் வளையமாகப் பள்ளங்கள் இருக்கும், கனமானது அதில் சிக்கிக்கொள்ளும், மணல் விளிம்பைத் தாண்டி வழிந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அத்தனை விசையில் மணலை அழுத்தினால் அது சிமெண்டு மாதிரி இறுகிப்போகும், அப்புறம் வருகிற தங்கத்துக்கு உள்ளே நுழைய இடமே இருக்காது. அதற்காகத்தான் பள்ளங்களின் சுவரில் பொடிப்பொடியாகத் துளைகள் போட்டு, வெளியிலிருந்து உள்ளே தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். அந்தத் தண்ணீர் படுகையை இளக்கி வைக்கும், லேசான துகளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கனமான துகள் உட்காரும். விற்க வருகிறவர்கள் சுழலும் வேகத்தைப் பற்றியே பேசுவார்கள். ஓட்டிப் பார்த்தபின் நான் சொல்கிறேன், இது முக்கால்வாசி ஒரு தண்ணீர் மெஷின்.

எங்கள் கதையைக் கேளுங்கள். ஆரம்பத்தில் நல்ல விளைச்சல், தட்டில் போட்டுக் கழுவிப் பார்த்தாலே விளிம்பில் மஞ்சள் வால் நீளமாகத் தெரியும். மூன்றாவது மாதம் மெதுவாகக் குறைந்தது. தாது மாறிவிட்டது என்றார் ஒருவர், அரைவை சரியில்லை என்றார் இன்னொருவர், ஒரு வாரம் மில்லை நோண்டினோம். கடைசியில் கிண்ணத்தைக் கழற்றி விளக்குக்கு எதிரே பிடித்தபோதுதான் தெரிந்தது: மேல் வளையங்களில் துளை துளையாக வெளிச்சம் வருகிறது, அடியில் இரண்டு வளையங்கள் முழு இருட்டு. சேறு கலந்த மறுசுழற்சித் தண்ணீரையே நேராக அதில் விட்டிருந்தோம், வண்டல் அடைத்துவிட்டது. ஆளுக்கொரு மெல்லிய கம்பியோடு உட்கார்ந்து ஒவ்வொரு துளையாகக் குத்தினோம், ஒரு ஷிஃப்ட் அதிலேயே போனது. இப்போது நல்ல தண்ணீருக்குத் தனி லைன், அதில் ஒரு ஃபில்ட்டர், ஃபில்ட்டருக்கு இருபுறமும் அழுத்தமானி. அதற்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

அடைப்பு போனதும் ஆர்வத்தில் தண்ணீரை அதிகமாகத் திறந்துவிட்டோம், அது அடுத்த முட்டாள்தனம். படுகை கொதிக்கிற மாதிரி ஆகிவிட்டால் நுண்ணிய தங்கம் முதல் ஆளாக வெளியே போகும். கிண்ணத்தில் தங்கும் கனமான சரக்கு, அதாவது கான்சன்ட்ரேட், பார்க்கச் சுத்தமாக, அழகாக இருக்கும், அதனால் ஏமாறுவது சுலபம். கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், வழிந்து போனதையும் மாதிரி எடுத்து, அதில் எவ்வளவு தங்கம் என்று அஸ்ஸே சோதனையில் பாருங்கள்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: இரும்பு. குண்டுகளை உருட்டி அரைக்கும் பால் மில்லில் அந்தக் குண்டுகள் தேய்ந்து உதிரும் சில்லுகள் குவார்ட்ஸைவிடக் கனம், நேராக வந்து பள்ளத்தில் உட்காரும். முதல் தடவை கான்சன்ட்ரேட்டில் காந்தத்தை விட்டபோது முள்ளம்பன்றி மாதிரி எழுந்து வந்தது. மேக்னடைட் என்ற இரும்புக் கனிமமும் அதோடு ஒட்டிக்கொள்ளும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் நிறைய உள்ள தாது என்றால் அது காந்தத்திலும் வராது, இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்போது சுற்று நேரத்தைக் குறைத்து அடிக்கடி கழுவி எடுப்பதைத் தவிர வழியில்லை. பொதுவாகவே பேராசைப்பட்டு ஒரு சுற்றை நீட்டாதீர்கள், பள்ளம் நிறைந்தபின் வருவது சும்மா தாண்டித்தான் போகும். நாங்கள் 90 நிமிஷத்தில் ஆரம்பித்து 40க்கு வந்து நின்றோம், உங்கள் தாதுவுக்கு வேறு கணக்காக இருக்கலாம்.

எங்கே மாட்டுவது என்று கேட்டால், அரைவைச் சுற்றுக்குள்ளேயே, அரைத்ததில் பெரிதையும் கனமானதையும் பிரித்து மில்லுக்குத் திருப்பும் சைக்ளோனின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துச் சல்லடையில் 2 மில்லிமீட்டருக்குக் கீழே சலித்துக் கொடுப்பதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது. தங்கம் கனம் என்பதால் சைக்ளோன் அதைத் திரும்பத் திரும்ப மில்லுக்கே அனுப்பும். தங்கம் உடையாது, தட்டையாகும், சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே கை வைத்தால் ஒரே துகளைப் பிடிக்கப் பல வாய்ப்புகள் கிடைக்கும். பெரிய துகள் சயனைடில் கரைய ரொம்ப நேரம் எடுக்கும் என்பதால், அப்படிக் கரைத்தெடுக்கும் லீச்சிங்குக்கு முன்பே எடுத்துவிடுவது அந்தப் பக்கத்துக்கும் நிம்மதி. பாதரசம் தொடாமல் வேலை முடிவதையும் சொல்ல வேண்டும், கான்சன்ட்ரேட்டை ஷேக்கிங் டேபிளில் (ஆட்டிப் பிரிக்கும் மேசை) போட்டு அப்படியே உருக்கிவிடுகிறோம்.

வாங்குவதற்கு முன் தயவுசெய்து தாதுவைச் சோதியுங்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே லாப்லாண்ட் உருவாக்கிய ஜிஆர்ஜி சோதனை இருக்கிறது, கனத்தை வைத்து எவ்வளவு தங்கம் பிரித்தெடுக்கலாம் என்று பார்ப்பது. மாதிரியை முதலில் 850 மைக்ரானுக்குக் கீழே அரைத்துச் சின்னக் கிண்ணத்தில் ஓட்டுவார்கள், வழிந்ததை இன்னும் பொடியாக அரைத்து மறுபடி, அப்புறம் 80 சதவீதம் 75 மைக்ரானுக்குக் கீழே வரும்வரை அரைத்து மூன்றாவது முறை. எந்த அரைவையில் எவ்வளவு தங்கம் விடுபடுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். பைரைட்டுக்கோ, ஆர்சனிக் கலந்த ஆர்சனோபைரைட்டுக்கோ உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் பூட்டிக்கிடக்கும் தங்கம் என்றால் இந்த மெஷினை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பிரயோஜனமில்லை, அந்தப் பணத்தில் கனிமத்தை நுரையில் மிதக்கவிட்டு எடுக்கும் ஃப்ளோட்டேஷனைப் பாருங்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது கையேட்டுக்காக, தண்ணீரின் தரத்தைப் பற்றி அதில் ஒரே ஒரு பத்திதான் இருந்தது, அதுவும் கடைசிப் பக்கங்களில். கழுவி எடுத்த கான்சன்ட்ரேட் விழும் பெட்டிக்கு இரண்டு பூட்டு போட்டு, சாவியை இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுங்கள், இதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்புறம், உள்கிண்ணத்தின் பாலியூரித்தேன் தேய்ந்துகொண்டே வரும், பள்ளத்தின் விளிம்பு மழுங்கினால் பிடிப்பும் போய்விடும். மெஷினோடு சேர்த்தே இன்னொரு கிண்ணத்தையும் ஆர்டர் பண்ணிவிடுங்கள், தேய்ந்தபின் கேட்டு, அது வரும்வரை நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம்.