மோனோவா, பாலியா? பங்கு வீட்டு மொட்டைமாடிக் கணக்கு

வீட்டுக்குச் சோலார் பேனல் போடலாம் என்று பார்த்தேன், மோனோ, பாலி என்று இரண்டு வகை. எங்கள் வீட்டில் பெரும்பகுதி ஓட்டுக்கூரை, நடு முற்றமான வளவைப் பார்த்துச் சரிந்திருக்கும், அந்தப் பழைய ஓட்டின் மேல் ஆளை ஏற்றி இரும்புச் சட்டம் அடிக்க எனக்கு மனசு வரவில்லை. மிஞ்சுவது முகப்புக்கு மேலே உள்ள மொட்டைமாடி, அதிலும் நாலு புள்ளிக்கு, அதாவது நாலு குடும்பத்துக்குப் பங்கு. அதனால் விலைக்கு முன்னால் இடத்தைத்தான் பார்த்தேன்.

3 கிலோவாட்டுக்கு 550 வாட் மோனோ என்றால் ஆறு பேனல், சுமார் 170 சதுர அடி. 335 வாட் பாலி என்றால் ஒன்பது பத்து பேனல் வேண்டும், 190 முதல் 210 சதுர அடி வரை ஆகும்.

ஏன் இந்த வித்தியாசம்? பேனலுக்குள் இருக்கும் செல் ஒவ்வொன்றிலும் போரான் கலந்த சிலிக்கானும் பாஸ்பரஸ் கலந்த சிலிக்கானும் சேரும் இடத்தில் ஒரு மின்புலம் இருக்கிறது. ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரானை அது ஒரே பக்கமாகத் தள்ளுவதுதான் நமக்குக் கரண்ட். மோனோ ஒரே படிகமாக இழுத்து வளர்த்தது. பாலியோ அச்சில் ஊற்றி உறைய வைத்தது, கிட்டே போய்ப் பார்த்தால் நீலத்தில் சில்லுச் சில்லாக மினுங்கும், அந்தச் சில்லுகளின் ஓரங்களில்தான் கொஞ்சம் எலக்ட்ரான் வழியிலேயே வீணாகிறது.

அப்புறம் சூடு. வெயில் கொளுத்தினால் கரண்ட் கூடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், வேலை செய்வது ஒளிதான், சூடு எதிரி. பேனலில் அச்சடித்த வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது வருவது. சித்திரை மதியம் செல் 65 டிகிரிக்குப் போனால் பாலியில் 16 சதவீதம் வரை குறையும், டாப்கான் என்ற புது வகை மோனோவில் 12 சதவீதம் போல.

பழைய பாலி ஸ்டாக்கைக் கம்மி விலைக்குத் தருகிறேன் என்றார் ஒரு கடைக்காரர். தோட்டத்தில் இடம் கிடந்தால் யோசிக்கலாம், நமக்கு வேண்டாம். கூடுதல் பேனலுக்குச் சட்டமும் வயரும் சேர்த்தால் அந்த லாபம் கரைந்துவிடும். மத்திய அரசு மானியமான 78,000 ரூபாயும் 3 கிலோவாட்டுக்கு எதைப் போட்டாலும் அதேதான், செல்லும் பேனலும் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் நிழலை விட்டுவிடாதீர்கள். செல்கள் வரிசையாகக் கோத்தவை, ஒன்றில் நிழல் விழுந்தால் அந்தப் பகுதியே படுத்துவிடும். செல்லைப் பாதியாக வெட்டிய மோனோவில் ஒரு பாதி நிழலில் இருந்தாலும் மறுபாதி ஓடும். எங்கள் கிழக்குக் கைப்பிடிச் சுவரில் சுதை லட்சுமி இருக்கிறது. மார்கழிக் காலையில் அதன் நிழல் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டேன். நம் ஊரில் ஆனியில் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும், நிழல் இடம் மாறும், அதனால் அப்போது இன்னொரு கோடு. இரண்டுக்கும் மேற்கேதான் சட்டம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.