'சைலன்ட் கிட்' என்று சொல்லி 6,800 ரூபாய் பறித்துவிட்டார்கள்: பெங்களூரில் இருப்பவர்கள் கவனத்துக்கு

எஸ்.பி. ரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சாமான் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. மெயின் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், மாடியில் இருக்கும் ஒரு அசெம்பிளிங் கடை. அந்த மாதிரிக் கடைகள் அங்கே நிறைய. நியாயமாக வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் ஃபேன் சத்தத்தை அடக்க 'சைலன்ட் கிட் போட்டுத் தர்றேன்' என்று யாராவது ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். என் பணம் 6,800 ரூபாய் போயிற்று, கம்ப்யூட்டர் முன்பைவிட அதிகமாகக் கத்துகிறது. குறைந்த செலவில் இந்தச் சத்தத்தை எப்படி அடக்கலாம் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

நான் அல்சூரில் குடியிருக்கிறேன். வீட்டிலிருந்தபடியே குரல் பதிவு செய்து தருவதுதான் என் பிழைப்பு. மைக்கும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில். ரைசன் 5 5600 பிராசசர், அதன் சூட்டைத் தணிக்க அதோடு பெட்டியில் வந்த, ஃபேன் வைத்த சின்னக் கூலர். எடிட்டிங் மென்பொருளைத் திறந்தாலே ஃபேன் விர்ரென்று ஏறும், உடனே இறங்கும், மறுபடி ஏறும். ஒரே சீரான இரைச்சல் என்றால் பதிவு முடிந்த பிறகு கழித்துவிடலாம். ஏறி இறங்கும் சத்தத்தைக் கழிக்கப் போனால் குரலும் சேர்ந்து தேய்ந்துவிடும். ஒரு வாடிக்கையாளர் பதிவைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் அந்தக் கடைக்குப் போனேன்.

கன்னடத்தில்தான் பேச ஆரம்பித்தேன். என் கன்னடத்தைக் கேட்டதும் கடைக்காரர், "தமிழா அக்கா? எங்க அப்பாவுக்கு வாணியம்பாடி" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். கீழேயிருந்து டீ வந்தது. உடனே எதையும் விற்கப் பார்க்கவில்லை. "வாட்டர் கூலர் எல்லாம் வேண்டாம் அக்கா. பம்பு ஒரு பக்கம் முனகும், காசும் தண்டம். காத்துலயே அடக்கிடலாம்" என்றார். அது உண்மைதான். விலை அதிகமான பொருளை வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரை யார்தான் நம்ப மாட்டார்கள்?

அப்புறம் ஒரு ஃபேனை எடுத்து மேஜையில் இருந்த ஒயரில் செருகினார். "காதை வெச்சுக் கேளுங்க அக்கா" என்றார். வைத்தேன். காற்று கன்னத்தில் பட்டது, சத்தமே இல்லை. பிராசசர் மேல் உயரமாக நிற்கும் டவர் கூலர் ஒன்று, கேபினெட்டுக்கு 120 மில்லிமீட்டர் ஃபேன் மூன்று, ஃபேன் அதிராமல் மாட்ட ரப்பர் பின், உள்ளே ஒட்டச் சத்தம் உறிஞ்சும் ஃபோம், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய் என்றார். பழைய கூலரைக் கடையிலேயே விட்டால் 200 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார். ஆக 6,800. ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூடும் என்றார். விசிட்டிங் கார்டின் பின்னால் 'ஒரு வருஷம் வாரண்டி' என்று கையால் எழுதிக் கொடுத்தார். யூபிஐயில் அனுப்பிய பணம் கடையின் பெயருக்குப் போகவில்லை, ஒரு தனி ஆளின் பெயருக்குப் போயிற்று.

வீட்டில் வந்து ஸ்விட்சைப் போட்டதும் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிறதோ என்று நினைத்தேன். இயந்திரம் சும்மா இருக்கும்போதே மூன்று ஃபேன்களும் முழு வேகத்தில் ஓடின. முன்பு ஏறி இறங்கிய சத்தம் இப்போது இறங்கவே இல்லை.

போன் செய்தேன். "புது ஃபேன் அக்கா, கொஞ்ச நாள் ஓடினா செட் ஆயிடும்" என்றார். ஓட விட்டேன், எதுவும் மாறவில்லை. வீடியோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டால் "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கார்". அதற்கடுத்து ஒரு பையன் போனை எடுத்து, "ஓனர் இல்ல, நாளைக்குப் பேசுங்க". கடைசியில் கேபினெட்டையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்தச் சந்தின் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அதை ஓட்டிக் காட்டி, "எங்க மேடம் சத்தம் கேக்குது? ஃபேன்னா சுத்தத்தானே செய்யும்?" என்றார். வாரண்டி என்று கார்டை நீட்டினேன். "ஃபேன் ஓடுதே மேடம். நின்னு போனா வாங்க, மாத்தித் தர்றேன்." சரி, என் பழைய கூலரையாவது கொடுங்கள் என்றேன். அது விற்றுப் போயிற்றாம். அன்றைக்கு ஸ்டூல் இழுத்துப் போட்ட மனுஷர் வேறு வாடிக்கையாளரிடம் பேசத் திரும்பிவிட்டார். நான் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு தனியாக மாடிப்படி இறங்கினேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

எங்கள் குடியிருப்பில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பராமரிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர்தான் திறந்து பார்த்துவிட்டு என்ன நடந்திருக்கிறது என்று காட்டினார். மதர்போர்டு வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் ஃபேன் ஒயர் மதர்போர்டில் செருகியிருக்க வேண்டும். பிளக்கில் நாலு பின் இருக்கும் ஃபேன் (இதைத்தான் பிடபிள்யூஎம் ஃபேன் என்கிறார்கள்) என்றால் நாலாவது ஒயரில் வேகக் கட்டளை போகும். மூன்று பின் என்றால் வோல்டேஜைக் குறைத்து வேகத்தை இறக்கலாம். எனக்குப் போட்ட மூன்றிலும் இரண்டே ஒயர்கள், மதர்போர்டுக்கே போகாமல் நேராக பவர் சப்ளையின் மோலெக்ஸ் என்ற கரண்ட் கனெக்டரில். எந்நேரமும் 12 வோல்ட், எந்நேரமும் முழு வேகம். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) பார்த்தால் அப்படி மூன்று ஃபேன்கள் இருப்பதே தெரியாது.

கடையில் சத்தமே வராதது எப்படி என்று கேட்டேன். மேஜையில் இருந்த ஒயர் எப்படி இருந்தது என்று விசாரித்தார். யூஎஸ்பி ஒயர். யூஎஸ்பியில் வருவது 5 வோல்ட். 12 வோல்ட் ஃபேனை 5 வோல்ட்டில் ஓட்டினால் பாதி வேகம்கூட வராது. ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினாலே சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். அந்த நிலையில் எந்த மட்டமான ஃபேனும் அமைதியாகத்தான் இருக்கும். இது தெரியாமல் செய்த வேலை இல்லை. ஒயரைத் தயாராக மேஜையில் வைத்துக்கொண்டு செய்த மோசடி.

ஃபோம் விஷயம் இன்னும் மோசம். காற்று உள்ளே வரும் முன்பக்க ஜல்லடையின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். என் 5600 பிராசசருக்கு உச்ச வெப்ப வரம்பு 90 டிகிரி. பெரிய கோப்பு எக்ஸ்போர்ட் செய்யும்போது சூடு அதைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஃபோமைப் பிய்த்து எறிந்ததும் இறங்கிவிட்டது. டவர் கூலரின் ஃபேனுக்கு மூன்று பின், ஆனால் பயாஸில் அந்த இணைப்பு பிடபிள்யூஎம் முறையில் இருந்ததால் அதுவும் முழு வேகத்தில் ஓடியிருக்கிறது. வோல்டேஜைக் குறைத்து வேகத்தை இறக்கும் டிசி முறைக்கு மாற்றியதும் அடங்கியது. இந்த ஒன்றைச் செய்து கொடுக்கக்கூட அவர்களுக்கு 6,800 ரூபாய் போதவில்லை.

யோசனைகளை விரிவாக எழுத நினைத்தேன். பதிவு செய்து தர வேண்டிய வேலை குவிந்து கிடக்கிறது, அதனால் அவசரமாக இவ்வளவு மட்டும். காசு செலவழிப்பதற்கு முன் தூசியைச் சுத்தம் செய்து, பயாஸில் ஃபேன் கர்வை, அதாவது எவ்வளவு சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம் என்ற அமைப்பை, சரி செய்து பாருங்கள். ரைசன் சூடு ஒரு நொடியில் குதிக்கும், உடனே இறங்கும். சூடு ஏறினால் ஃபேன் வேகம் ஏற எடுக்கும் நேரத்தை (ஸ்டெப் அப்) கூட்டி வைத்தால் அந்தக் குதிப்புக்கெல்லாம் ஃபேன் பதறாது. எனக்கு முதலிலேயே இது போதுமாக இருந்திருக்கும் என்று அந்த அண்ணன் சொன்னார். ஃபேன் வாங்கினால் நாலு பின் பிளக்கைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் மாதிரி ஃபேன்கள் நிமிடத்துக்கு 200 சுற்று வரை இறங்கும், விலையும் கையைக் கடிக்காது. மோலெக்ஸில் மட்டும் செருகும் ஃபேன் வேண்டவே வேண்டாம். கடையில் ஓட்டிக் காட்டினால் 12 வோல்ட்டில் காட்டச் சொல்லுங்கள். பழைய கூலரைக் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல், தனி ஆள் பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். யூபிஐ ரசீது, கையால் எழுதிய அந்தக் கார்டு, வாட்ஸ்அப் வீடியோ எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அந்த மாடிக் கடையில் இதே 'சைலன்ட் கிட்' போட்டுக்கொண்டவர்கள் இருந்தால், கேபினெட்டைத் திறந்து ஒயர் எங்கே போகிறது என்று இன்றைக்கே பாருங்கள். ரசீதை அழித்துவிடாதீர்கள்.