மாயா மட்பாண்டம்: மெல்லிய வெட்டா, நியூட்ரான் பகுப்பாய்வா?

பானை எங்கே வனையப்பட்டது என்றறிய, ஓட்டுச் சில்லை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கலாம்; இதுவே மெல்லிய வெட்டு. களிமண்ணில் குயவர் கலந்தது கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமா, எரிமலைச் சாம்பலா, பழைய ஓட்டுத் தூளா என்பது கண்ணுக்கே தெரியும். மாயா மக்கள் வாழ்ந்த, சுண்ணாம்புப்பாறை நிலமான வட குவாத்தமாலாவின் பெட்டேனில் எரிமலைச் சாம்பலின் கண்ணாடித் துகள் தென்பட்டால், அது வந்த வழியைத் தேடியே ஆகவேண்டும். ஆனால் பக்கத்து ஊர்களின் கால்சைட் ஒன்றுபோலவே இருக்கும்.

அங்கே நியூட்ரான் முறை கைகொடுக்கும். அணு உலையில் கதிரூட்டிய தூள் உமிழும் காமா கதிர்களிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட தனிமங்களை அளக்கலாம். சிக்கல், களிமண்ணும் அதில் கலந்த பொருளும் சேர்ந்தே அளவாவது. கால்சைட் மிகுந்தால் மற்ற தனிமங்கள் நீர்த்துப்போய், ஒரே மண் இரு குழுவாகத் தெரியும். கால்சைட்டின் பங்கைக் கழித்துக் கணக்கிடும் கால்சியத் திருத்தம் கட்டாயம். தூளெடுக்கும் டங்ஸ்டன் கார்பைடு துளைமுனையோ தானும் தேய்ந்து தூளில் கலந்து, கோபால்ட் அளவையே கெடுக்கும்.

சமையல் பானைக்கு முதலில் வெட்டு. முழுதாக இருக்கும் ஓவியக் குவளையை அறுக்க முடியாது. அடிப்பாகத்தில் துளைத்தெடுத்த தூளே கதி.